பேர் இருந்த இடத்தில் புல்லாங்குழல்

இசைத்தட்டு ஒன்று கையில் கிடைத்தால் அவர் முதலில் அட்டையின் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். முன்பக்கப் படமெல்லாம் அவருக்கு அப்புறம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பொடி எழுத்தில் இருக்கும் பேர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிப்பார். பாடியவர், கிட்டார், மௌத் ஆர்கன், டிரம்ஸ், ஒலிப்பதிவு, படம் எடுத்தவர் என்று கடைசிப் பேர் வரைக்கும் படித்து முடித்த பிறகுதான் முள்ளை எடுத்துத் தட்டின்மேல் வைப்பார். நடுவில் நாம் அவசரப்பட்டால் கோபம் வந்துவிடும்.

"பேரப் படிக்காமப் பாட்டுக் கேக்குறது, கல்யாண வீட்டுக்குப் போயிட்டுக் கை நனைக்காம வர்ற மாதிரி தம்பி. மரியாதை இல்ல" என்பார்.

அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மைக்செட் கடை வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, இழவு வீடு எல்லாவற்றுக்கும் குழாய் கட்டுவார். ஊரில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மைக்செட்டுக்காரர்தான். எனக்கு அண்ணன். அப்படித்தான் கூப்பிட்டேன். கூப்பிட்டதற்கு இன்று வரைக்கும் வருத்தப்படுகிறேன்.

நான் குவைத்தில் பதினோரு வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு, போதும் என்று ஊரோடு வந்தவன். கடைசியாக வரும்போது கட்டிய அட்டைப்பெட்டியில் ஓர் இசைத்தட்டு இருந்தது. அங்கே வெள்ளிக்கிழமைச் சந்தையில், பழைய சட்டைகளுக்கும் கைப்பிடி போன குக்கருக்கும் நடுவே கிடந்தது. அட்டையின் ஓரத்தை எலி கடித்திருந்தது. முன்பக்கத்தில் ஒரு கறுப்பின மனிதர் மர நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் கிட்டாரை வைத்துக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடலைக் கொல்லையில் நின்று பஸ் வருகிறதா என்று எங்கள் பெரியப்பா பார்ப்பது அதே மாதிரி இருக்கும். அதற்காகத்தான் வாங்கினேன். அதைச் சுற்றவிட மெஷின் வேண்டும் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. "மாவுப் பானையை மூடவாச்சும் ஆகுமா, அதுக்கும் ஆகாதா?" என்று என் மனைவி கேட்டாள்.

மைக்செட்டுக்காரரிடம் பழைய ரெக்கார்டு பிளேயர் இருக்கிறது என்று யாரோ சொல்லித்தான் அவர் கடைக்குப் போனேன். வழக்கம்போல அட்டையைத் திருப்பி ஒவ்வொரு பேராகப் படித்தார். படித்துக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நின்றுவிட்டார். இரண்டாம் பக்கத்தில் கடைசிப் பாட்டுக்கு மௌத் ஆர்கன் வாசித்தவர் யார் என்பதற்கு நேரே, 'தெரியவில்லை' என்று போட்டிருந்தது.

"அதெப்படித் தெரியாமப் போகும்? ஒரே ரூம்புல ஒக்காந்து வாசிச்சிருக்கான். ஒரு வார்த்த கேட்டா என்ன?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். நான்தான் கேட்காமல் விட்டது போல. பிறகு பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுத்து, அந்த இடத்தின் ஓரத்தில் தமிழில் எழுதினார்: 'யாரோ ஒருவர். அவருக்கு வணக்கம்.'

இப்படி ஒரு மனிதரை யாருக்குத்தான் பிடிக்காது? எனக்கு அன்றைக்கே பிடித்துப்போனது.

"இது ப்ளூஸ் தம்பி" என்றார். துபாயில் ஒரு ஹோட்டலில் ஆறு வருஷம் சவுண்ட் பார்த்திருக்கிறார். அங்கே வாசிக்க வந்த ஓர் அமெரிக்கக் கறுப்பர் இதையெல்லாம் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அந்தக் கறுப்பரின் பேரையும், அவருடைய அப்பா பேரையும், பிறந்த ஊரின் பேரையும் இவர் ஒரு டைரியில் எழுதி வைத்திருந்தார்.

அதன்பிறகு வாரத்தில் இரண்டு நாளாவது மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் அவர் கடையில் இருப்பேன். குழாய் ஸ்பீக்கர் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்காரச் சொல்வார். தட்டு ஓடும், அவர் கதை சொல்வார். அமெரிக்காவின் தெற்கில் பருத்திக்காடுகள். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு போய் அடிமையாக வைத்திருந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதில் வேலை செய்தார்கள். சட்டத்தில் விடுதலை வந்துவிட்டது, காட்டில் வரவில்லை. வேலை நேரத்தில் இந்த மூலையில் ஒருவர் குரல் கொடுத்தால் அந்த மூலையிலிருந்து ஒருவர் பதில் குரல் கொடுப்பார். ராகம் அங்கேதான் பிறந்தது என்றார். பிறகு கிட்டார் வந்தது. உடைந்த பாட்டிலின் கழுத்தை விரலில் மாட்டிக் கம்பியின்மேல் இழுத்தார்கள். கம்பி மனுஷன் மாதிரி அழுதது.

"கேளுங்க, மொத வரிய ரெண்டு தடவ பாடுவான். மூணாவது வரியில பதிலச் சொல்லுவான். ஒவ்வொரு வரியிலயும் பாதிதான் வாய் பாடும். மிச்ச எடத்த சும்மா விட்டுருவான். அந்த எடத்துல கிட்டார் பேசும். அந்த எடத்தத்தான் கேக்கணும் தம்பி. பாட்டோட உசுரு அங்கிட்டுத்தான் இருக்கு."

கதையில் அவருக்கு முகம் சிவக்கும் இடம் ஒன்று உண்டு. பட்டணத்திலிருந்து ரெக்கார்டு கம்பெனிக்காரர்கள் பதிவு மெஷினோடு அந்தக் கிராமங்களுக்கு வந்தார்கள். காட்டில் வேலை செய்தவனைக் கூட்டிவந்து ஒரு மத்தியானத்தில் பத்துப் பாட்டு பாடவைத்தார்கள். கையில் ஏதோ கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தட்டு வெளியே வந்தபோது பாட்டை எழுதியவர் என்று வேறு யாரோ ஒருவன் பேர் இருந்தது. கடல் தாண்டிப் போய் அந்தப் பாட்டுப் பேர் வாங்கியபோது, பாடியவன் எங்கேயோ ஒரு பண்ணையில் புல் அறுத்துக்கொண்டிருந்தான். தன் பாட்டு எங்கெல்லாம் ஓடுகிறது என்று அவனுக்குத் தெரியவே தெரியாது.

"பாட்டுக்காரன் வயல்ல, பாட்டு கப்பல்ல" என்று தொடையைத் தட்டிக்கொள்வார். "பேரத் திருடுனவன் பெத்த புள்ளையத் திருடுன மாதிரி. அவனெல்லாம் மனுசனா?"

இந்த வார்த்தையை அவர் வாயால் நான் பத்துத் தடவையாவது கேட்டிருக்கிறேன். அதனால்தான் மறக்க முடியவில்லை.

சும்மா பேச்சோடு நிற்கிறவரும் இல்லை. கல்யாண வீட்டில் மைக் அவர் கையில் இருக்கும். மாப்பிள்ளை பெண் பேர், மொய் எழுதுகிறவர் பேரெல்லாம் எல்லாரும் சொல்வார்கள். இவர் சமையல்காரர் பேரைச் சொல்வார், தண்ணீர் லாரி ஓட்டி வந்தவர் பேரைச் சொல்வார், இலை எடுக்கிற பெண்கள் மூன்று பேரின் பேரையும் ஊரோடு சேர்த்துச் சொல்வார். எங்கள் ஊர்த் திருவிழாவில் ஒரு தடவை, நன்கொடை கொடுத்தவர்கள் பட்டியலுக்கு முன்னால் கோயிலைக் கூட்டிப் பெருக்கின அம்மாவின் பேரை வாசித்துவிட்டார். கமிட்டி ஆட்கள் குதித்தார்கள். "பேரு சொன்னா என்ன, வாயா தேஞ்சுபோகும்?" என்று மைக்கை அணைக்காமலே கேட்டார். அது கண்மாய் வரைக்கும் கேட்டது. ஜனம் சிரித்த சிரிப்பில் கமிட்டி அடங்கிவிட்டது.

ஒருநாள் அந்தத் தட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, "எங்க ஆத்தாவும் இப்படித்தாண்ணே பாடும். மொத வரிய ரெண்டு தடவ சொல்லும்" என்று நான் வாயை விட்டேன்.

என்னைப் பெற்றவளை நாங்கள் ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். இழவு வீடுகளில் ஆத்தா பாட ஆரம்பித்தால் மற்றப் பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். கூலிக்குப் பாடுகிறவள் அல்ல. சொந்தத்துக்கும் அக்கம்பக்கத்துக்கும் பாடுவாள். மைக்செட்டுக்காரர் தட்டை நிறுத்தினார். "நான் அவங்களப் பாக்கணும் தம்பி" என்றார்.

மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டார். ஆத்தா முடியவே முடியாது என்றாள். "எழவு இல்லாத வீட்டுல ஒப்பாரி பாடலாமா? என்ன பேச்சு இது? வீட்டுக்கு ஆகுமா?" என்று என்னைத்தான் திட்டினாள். அவர் வற்புறுத்தவில்லை. அதற்குப் பதிலாக ஒப்பாரியைப் பற்றிக் கேட்டார். ஆத்தா சொன்னாள். சாவு வீட்டில் பாட்டுக்குள் வைத்து யாரும் யாரையும் எதையும் சொல்லலாம். செத்தவரைக்கூட நிற்கவைத்துக் கேட்கலாம். வெளியே வந்த பிறகு அதை எடுத்துப் பேசக்கூடாது, மனசில் வைக்கவும் கூடாது. மாமியார் பட்டினி போட்டதை ஒரு மருமகள் மாமியாரின் பிணத்துக்கு முன்னாலேயே பாடியிருக்கிறாள். பாடி முடித்த கையோடு நாத்தனாரும் அவளும் சேர்ந்துதான் காரியத்துக்கு அரிசி களைந்தார்கள்.

"இதேதான் ஆத்தா, அங்கயும் இதேதான்" என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார். ஆத்தாவுக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

இப்போது என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில்தானே பாடக்கூடாது, கண்மாய்க் கரையில் பாடினால் என்ன என்று ஆத்தாவிடம் கேட்டது அவர் இல்லை, நான்தான். அதற்கு ஒரு காரணம் இருந்தது. என் தங்கை மீனாள் பத்தொன்பது வயதில் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். புதுக்கோட்டையில் காலேஜ் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். நான் குவைத்துக்குப் போய் நாலு மாதம்கூட ஆகவில்லை. பாஸ்போர்ட் கம்பெனியில் இருந்தது. போனில் "முடிஞ்சுருச்சுடா" என்று சொன்னதைக் கேட்டதோடு சரி. என் தங்கைக்கு ஆத்தா என்ன சொல்லி அழுதாள் என்பது ஊருக்கே தெரியும், எனக்குத் தெரியாது. அதை ஒரு தடவை கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆத்தா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சேலையை உதறிக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கண்மாயில் பாதித் தண்ணீர் கிடந்தது. கரையில் புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். அவர் உள்ளங்கை அளவு பதிவு மெஷினைத் துண்டின்மேல் வைத்தார்.

"ஆத்தா, மொதல்ல ஒங்க பேரச் சொல்லுங்க."

"எதுக்குத் தம்பி? அடைக்கம்மா."

"முழுசாச் சொல்லுங்க ஆத்தா."

"அடைக்கம்மாள்."

"யாருக்காகப் பாடுறீங்க?"

"எம் மக மீனாளுக்கு."

மெஷினில் அதுவும் பதிவானது. அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பார்த்தீர்களா, இதுதான் முறை என்கிற மாதிரி. பிறகு ஆத்தா கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள்.

காலேஜு பஸ்ஸு வந்து கைகாட்ட நிக்குதடி, மீனாளு
காலேஜு பஸ்ஸு வந்து கைகாட்ட நிக்குதடி, மீனாளு
கட்டிவச்ச சோத்து டப்பா கைபடாமக் கெடக்குதடி, மீனாளு

விளக்குவைக்கும் நேரத்துக்கு வந்துருவேன்னு போனியே, மீனாளு
விளக்குவைக்கும் நேரத்துக்கு வந்துருவேன்னு போனியே, மீனாளு
விளக்குவச்சு நாளாச்சு, வீதியிலே ஆளில்லையே, மீனாளு

இப்படி அரை மணி நேரம் பாடினாள். வெளிநாட்டில் இருந்த அண்ணன்காரனுக்கும் அதில் நாலு வரி இருந்தது. அதை எழுதப்போவதில்லை. வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு வரியும் அவள் பேரில் போய் நின்றது. ஒவ்வொரு தடவையும் அந்தப் பேரை ஆத்தா வேறு மாதிரி சொன்னாள். பாடி முடிந்ததும் மைக்செட்டுக்காரர் அப்படியே குப்புற விழுந்து ஆத்தாவின் காலைத் தொட்டார். அவர் கன்னம் நனைந்திருந்தது. அந்த அழுகை நடிப்பு இல்லை. நடிப்பாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

"பத்திரமா வச்சிருப்பேன் தம்பி. ஒரு காப்பி போட்டு ஒங்களுக்குத் தாரேன்" என்றார்.

காப்பி வரவில்லை. கேட்டபோதெல்லாம், இரைச்சலைச் சுத்தம் பண்ணிக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்றார். பொறுத்தேன். அந்த இசைத்தட்டும் அவர் கடையிலேயே இருந்தது, என்னிடம் மெஷின் இல்லாததால்.

ஒரு வருஷம் ஆகியிருக்கும். காலையில் பத்து மணிக்கு ஆத்தா வாசலில் உட்கார்ந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்து ஊரில் ஒரு சாவு. குழாய் கட்டியிருந்தார்கள். இப்போதெல்லாம் உட்கார்ந்து பாடப் பெண்கள் வருவதில்லை என்று ஒப்பாரியையும் ஸ்பீக்கரிலேயே போட்டுவிடுகிறார்கள். காற்று இங்கிட்டு அடித்தது. ஆத்தாவின் கை நின்றுவிட்டது.

"ஏன்டா, இது என் கொரலுல்ல?"

ஆத்தாவின் குரல்தான். அடியில் கீபோர்டு தாளம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. விளக்குவைக்கும் நேரத்துக்கு வந்துருவேன்னு போனியே என்று ஆத்தாவின் குரல் வந்தது. அதன்பிறகு மீனாளு என்று வரவேண்டிய இடத்தில் ஒரு புல்லாங்குழல் ஊதியது. அடுத்த வரி, மறுபடியும் புல்லாங்குழல். காலேஜ் பஸ் இல்லை, சோத்து டப்பா இல்லை. எந்த வீட்டுக்கும் பொருந்துகிற வரிகள் மட்டும் இருந்தன.

ஆத்தா கடைசி வரைக்கும் கேட்டாள். மடியில் இருந்த கடலையைத் தட்டிவிட்டு எழுந்தாள். "எம் புள்ள பேரக் காணுமேடா" என்றாள். இரண்டு நாள் சாப்பிடவில்லை.

நான் கடைக்குப் போனேன். எனக்கு முன்னாலேயே கோபம் கடைக்குள் போய்விட்டது என்று நினைக்கிறேன். அவர் என்னைப் பார்த்ததும் ஒயர் சுற்றுவதை நிறுத்திவிட்டார்.

"ஆத்தா பாட்டையாண்ணே ஊரு ஊராப் போடுறீங்க?"

மழுப்பவில்லை. அதைத்தான் இன்னும் என்னால் தாங்க முடியவில்லை. சந்தோஷமாகவே சொன்னார். "கேட்டீங்களா தம்பி? பட்டுக்கோட்டைப் பக்கமெல்லாம் இப்ப அதுதான் ஓடுது. கட்டுமாவடி வரைக்கும் போயிருச்சு."

"எங்க ஆத்தா பேரு எங்கண்ணே?"

செல்போனை எடுத்துக் காட்டினேன். இணையத்தில் ஏற்றியிருந்த அந்தப் பாட்டை வரும் வழியிலேயே தேடிப் பிடித்திருந்தேன். அதற்குக் கீழே, 'பாடியவர்: கிராமியக் கலைஞர்' என்று இருந்தது. 'தொகுப்பு, இசை' என்பதற்கு நேரே அவர் பேர், இனிஷியலோடு, தடித்த எழுத்தில்.

"ஒப்பாரிக்கு ஏதுங்க தம்பி பேரு? அது ஊருச் சொத்து."

"மீனாளு பேர எதுக்குண்ணே வெட்டுனீங்க?"

"பேரு இருந்தா ஒரு வீட்டுக்குத்தான் ஆகும். எடுத்துட்டா எல்லா வீட்டுக்கும் ஆகும்ல?"

தொழில் தெரிந்தவர் தொழில் தெரியாதவனுக்கு விளக்குகிற குரலில் சொன்னார். அவர் தலைக்கு மேலே பலகையில் என் இசைத்தட்டு சாத்தியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்த மனிதர் கண்ணைச் சுருக்கி எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதைக் கையால் காட்டினேன். அவரும் திரும்பிப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆனது. பிறகு குனிந்து மறுபடியும் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார்.

"சரி. பேரோட இருக்குற ஒரிஜினலக் குடுங்க, போதும்" என்றேன்.

ஒயரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கம்ப்யூட்டர் மாத்துனப்ப அது போயிருச்சு தம்பி. வெட்டுனதுதான் இருக்கு."

அடைக்கம்மாள் என்று ஆத்தா சொன்னது போய்விட்டது. எம் மக மீனாளுக்கு என்றது போய்விட்டது. காலேஜ் பஸ் போய்விட்டது. எனக்கான அந்த நாலு வரியும் போய்விட்டது. பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரே ஒரு மத்தியானம் என் தங்கையின் சாவுக்கு நான் போய் உட்கார்ந்திருந்தேன். அதையும் அழித்துவிட்டு, கம்ப்யூட்டர் மாற்றினேன் என்கிறார். பலகையிலிருந்து தட்டை உருவிக்கொண்டு வெளியே வந்தேன். "தம்பி, நில்லுங்க" என்று கூப்பிட்டார். நிற்கவில்லை.

ஆத்தாவை இன்னொரு தடவை பாடச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒருநாள் அவளாகவே சொன்னாள்: "கரையில பாடுனேன். அது வாசல்ல வந்து நிக்குது. இனி பாடமாட்டேன்டா." எனக்கும் சேர்த்துத்தான் சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இசைத்தட்டை உடைத்துவிடலாம் என்று இரண்டு தடவை தூக்கினேன். அட்டையைத் திருப்பினால் அந்தப் பென்சில் எழுத்து: 'யாரோ ஒருவர். அவருக்கு வணக்கம்.' எழுதிய கையும் அதே கைதான், வெட்டிய கையும் அதே கைதான். கடல் தாண்டி, செத்துப்போன, முகம் தெரியாத ஒரு மௌத் ஆர்கன்காரனுக்காகச் சண்டைக்கு வந்த மனிதருக்கு, பத்துக் கிலோமீட்டரில் உட்கார்ந்து கடலை ஆய்கிற ஒருத்தியின் பேர் பெரிதாகத் தெரியவில்லை. எது வேஷம் என்று பல நாள் யோசித்தேன். இரண்டும் வேஷம் இல்லை என்பதுதான் என் முடிவு. அதனால் என் மனசு ஆறவும் இல்லை.

அவர் மாறவும் இல்லை. கீரமங்கலத்தில் ஒரு கல்யாணத்தில் நான் உள்ளே நுழைவதைப் பார்த்துவிட்டு, மைக்கில் என் பேரை ஊரோடு சேர்த்துச் சொல்லி வரவேற்றார். கூட்டம் திரும்பிப் பார்த்தது. பந்தியில் இலை போட்டிருந்தார்கள். நான் கை நனைக்காமல் திரும்பி வந்துவிட்டேன். அவருக்குப் புரிந்திருக்கும்.

போன வருஷம் அவர் இறந்துபோனார். நெஞ்சுவலி என்றார்கள். நான் போகவேண்டாம் என்றிருந்தேன். "சாவுக்குப் போகாம இருக்கப் பகை ஒரு காரணமாடா? வண்டிய எடு" என்றாள் ஆத்தா.

வாசலில் பந்தல் போட்டிருந்தது. வேறு யாரோ ஒருவருடைய மைக்செட். நாங்கள் உள்ளே போகும்போது ஸ்பீக்கரில் அதே பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சாவுக்கு அவர் வெட்டிய பாட்டு. பெண்கள் பிணத்தைச் சுற்றிச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அவர் மனைவி தலைமாட்டில் இருந்தார். ஆத்தா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நான் நிலையோரம் நின்றேன்.

விளக்குவைக்கும் நேரத்துக்கு வந்துருவேன்னு போனியே என்று ஸ்பீக்கர் பாடியது. புல்லாங்குழல் ஆரம்பித்தது.

"மீனாளு" என்றாள் ஆத்தா.

சத்தமாகச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் மட்டும் திரும்பினார்கள். அடுத்த வரி வந்தது. புல்லாங்குழல். "மீனாளு" என்றாள், இப்போது கொஞ்சம் உரக்க. மூன்றாவது தடவை வாசலில் நின்ற ஆண்களுக்கும் கேட்டது.

அவர் மனைவி நிமிர்ந்து பார்த்தார். "யாரு ஆத்தா அது?"

"எம் மக. செத்துப்போயிட்டா. இது அவளுக்கு நான் அழுத பாட்டு. ஒன் வீட்டுக்காரரு அவ பேர எடுத்துட்டாரு."

அந்த அம்மாவுக்கு இது தெரியாது என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பிறகு வாசல் பக்கம் திரும்பி, "அத நிறுத்துங்க" என்றார். ஸ்பீக்கர் நின்றது. பாடமாட்டேன் என்று சொன்ன ஆத்தா அந்த அம்மாவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, பிணத்தைப் பார்த்துப் பாடினாள்.

ஊருசனம் பேரையெல்லாம் ஒண்ணுவிடாமச் சொன்னியேய்யா, —
ஊருசனம் பேரையெல்லாம் ஒண்ணுவிடாமச் சொன்னியேய்யா, —
எம் மக பேரமட்டும் எங்கிட்டு வச்சு மறந்தியய்யா, —

ஒவ்வொரு வரியின் முடிவிலும் அவர் பேரைச் சொன்னாள். பாதியில் விடாமல், செல்லமாகச் சுருக்காமல், முழுப் பேரையும் சொன்னாள். அவர் மனைவி, "ஆமாத்தா, ஆமாத்தா" என்று ஆத்தாவின் மடியில் சாய்ந்து அழுதார். யாரும் ஆத்தாவைத் தடுக்கவில்லை. சாவு வீட்டில் பாட்டுக்குள் வைத்து யாரும் யாரையும் எதையும் கேட்கலாம்.

திரும்பி வரும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஆத்தா, "கேட்டுட்டேன்டா" என்றாள். அவளுக்கு அதோடு தீர்ந்துவிட்டது. மறுநாள் கடலை ஆய உட்கார்ந்தாள். வழக்கப்படி, அதை அப்புறம் எடுத்துப் பேசவே இல்லை.

எனக்கு அந்த மனசு வரவில்லை. அந்த மூன்று வரியிலும் கோடு போட்டிருக்கும் இடத்தில் இருந்தது அவர் பேர். எனக்கு அது நன்றாகத் தெரியும், இனிஷியலோடு தெரியும். மீனாள், அடைக்கம்மாள், கீரமங்கலம், அறந்தாங்கி என்று பேர்களை எழுதியிருக்கிறேன். அது மட்டும் இதில் எங்கும் கிடையாது. மறதி இல்லை. வெட்டி எடுத்தது நான்தான்.